நன்னீர்க் கிணறும் பிரபல பாடசாலையும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பக்கத்தை நெடுங்காலமாக வாசித்து வருபவர்களின் கண்ணில் ஒரு மாற்றம் பட்டிருக்கும். காணி, வீடு விற்பனைக்கு என வரும் அறிவித்தல்களில் முன்பு தவறாது இடம்பெற்ற சொற்றொடர் 'நன்னீர்க் கிணற்றுடன்' என்பது. அதற்கு அடுத்தபடியாகவே பாதை வசதி, சுற்றுமதில், பயன்தரு தென்னைகள் எல்லாம் வரும். உவர்நீர் ஊறும் ஒரு குடாநாட்டில் அது நியாயமான வரிசை. காணி பார்க்க வருபவர் முதலிற் கிணற்றுக்கட்டில் நின்று ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்ப்பார். அதன் பின்னரே உறுதியை விரிப்பார். இன்று அந்த முதலிடத்தைப் 'பிரபல பாடசாலைகளுக்கு மிக அண்மையில்' என்ற சொற்றொடர் பிடித்துக்கொண்டது. கிணறு மூன்றாம் வரிக்குப் போய்விட்டது. சில விளம்பரங்களில் அது மூன்றாம் வரியிலும் இல்லை.

ஒப்புநோக்குநர் மேசையில் தொழிலைத் தொடங்கியவன் என்பதால், ஆசிரிய தலையங்கத்திலும் பார்க்க விளம்பரப் பக்கமே உண்மையை அதிகம் பேசும் என்பது என் நம்பிக்கை. தலையங்கம் எழுதுபவர் தாம் விரும்புவதை எழுதுவார். விளம்பரம் கொடுப்பவரோ, வாங்குபவர் எதற்குப் பணம் தருவார் என்பதைக் காசு கொடுத்து அச்சிடுகிறார்.

இந்த மாற்றத்தைக் கல்வியின்மீது நமது சமூகம் கொண்ட பற்றுக்குச் சான்றாகக் காட்டிப் பெருமைப்படுபவர்கள் உண்டு. அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை. ஆரம்பப் பிரிவிற் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள சுமாரான பாடசாலை, ஒரு மணித்தியாலம் வானில் நசுங்கிப் போய்ச் சேரும் புகழ்பெற்ற பாடசாலையிலும் நல்லது என்பது என் கட்சி. அந்தப் புகழ்பெற்ற பாடசாலைக்காகக் கிராமத்து வீட்டை விற்று நகரத்து ஒழுங்கையொன்றில் அடைபடுவது பிள்ளைக்கும் நட்டம், ஊருக்கும் நட்டம் என்பது அதே கட்சியின் மறுபாதி. இதைச் சொன்னால் 'உங்கள் பிள்ளைகளை எங்கே படிப்பித்தீர்கள்?' என்ற கேள்வி உடனே வரும். அந்தக் கேள்வி என் வாயை அடைக்கலாம். வாதத்துக்கு அது பதிலாகாது.

முதலில் இந்த வீட்டு வேட்டையை உண்டாக்கிய பொறிமுறையைப் பார்ப்போம். அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்குக் கல்வி அமைச்சு சுற்றுநிருபம் ஒன்றை வைத்திருக்கிறது. பல ஆண்டுகளாக அதன் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. இடங்களில் பாதி, அதாவது 50 வீதம், பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு. 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. எஞ்சியவை கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு. அண்மை என்பதை அளக்க வாக்காளர் இடாப்பில் ஐந்தாண்டுப் பதிவு, காணி உறுதி, மின்பட்டியல் போன்ற ஆவணங்களுக்குப் புள்ளி இடப்படும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட தூரம் வரைபடத்தில் நேர்கோடாக அளக்கப்படும். நீங்கள் விரும்பிய பாடசாலையிலும் பார்க்க உங்கள் வீட்டுக்குக் கிட்டவாக, பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கப்படும்.

இந்தக் கடைசி விதியைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திற் பாடசாலைகள் இருப்பது உங்களுக்கு ஒரு தண்டனையாகிறது! பிள்ளை தன் வீட்டுக்குக் கிட்டிய பாடசாலைக்கே போகவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட விதி அது. ஆனால் நடைமுறையில், பெரிய பாடசாலையின் மதிலோரத்துக் காணிக்குப் பொன்விலை வைத்துக் கொடுத்தது அந்த விதியேயாகும். அண்மை என்பது காணி உறுதியால் நிரூபிக்கப்படும் நாட்டில், அண்மையை வாங்கக்கூடியவன் வாங்குவான். வாங்க முடியாதவன் வாடகை ஒப்பந்தம் எழுதுவான். அதற்கும் இயலாதவன் தெரிந்தவரின் விலாசத்தைக் கடன் கேட்பான். கொழும்பில் ஒரே வீட்டிலக்கத்தில் ஒன்றையொன்று அறியாத குடும்பங்கள் வாக்காளர்களாகப் பதிவாகியிருந்த கதைகளைச் செய்தியாளர்களாக நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். 2007 ஆம் ஆண்டில் அன்றைய அனுமதி நடைமுறை சமத்துவ உரிமைக்கு முரணானது என்று உயர் நீதிமன்றமே தீர்த்து, புதிய ஏற்பாட்டுக்கு வழி செய்தது. புதிய சுற்றுநிருபங்கள் வந்தன. வீட்டு விலாசத்தின் ஆட்சி மட்டும் போகவில்லை.

ஆறு வயதுக்கு முன்பே ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் முதற் பாடம் அதிலே இருக்கிறது. நேர்முகத்தில் யாராவது கேட்டால் எந்த ஒழுங்கையில் வசிப்பதாகச் சொல்லவேண்டும் என்று தாய் சொல்லிக் கொடுப்பாள். சொந்த வீட்டை மறைத்துச் சொல்லும் பொய்யை எழுத்து அறியுமுன்னரே மனனம் செய்த பிள்ளைக்கு அந்தப் பாடசாலையின் சுவரில் எழுதியிருக்கும் மகுட வாசகம் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறது?

யாழ்ப்பாண நகரத்தில் இந்த வேட்டைக்கு ஒரு வேடிக்கையான கோணமும் உண்டு. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையும் ஆறாம் தரத்திலிருந்தே தொடங்குகின்றன. அங்கே நுழைவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளி. வாக்காளர் இடாப்பு அன்று. ஆயினும் அவற்றின் பெயரைச் சொல்லியே சுற்றுவட்டாரக் காணிகள் கைமாறுகின்றன. வீட்டை வாங்கினாற் கதவு திறக்கும் என்று தரகர் சொல்வதை, படித்த உத்தியோகத்தர்களே சுற்றுநிருபத்தை வாசிக்காமல் நம்புகிறார்கள்.

புலமைப்பரிசில் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமற் கடக்க முடியவில்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945 இல் இலவசக் கல்வியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, நாட்டுப்புறங்களிலேயே மத்திய கல்லூரிகளை நிறுவி, ஏழைக் கிராமத்துப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிப்பதற்கு வழி செய்தார். தரமான பாடசாலை கிராமத்தை நோக்கிப் போகவேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் உயிர். பத்து வயதுப் பிள்ளை கிராமத்தைக் கழற்றி எறிவதற்கான கடவுச்சீட்டாகப் பரீட்சையை மாற்றியது நாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று வையுங்கள். வான் ஒவ்வொரு படலையிலும் நின்று பிள்ளை ஏற்றுவதால் முக்கால் மணி என்பது கருணை மிகுந்த மதிப்பீடு. ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்கள் என்று கொண்டால் 300 மணித்தியாலம். ஒரு பாடசாலை நாள் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை ஆறு மணித்தியாலம். ஆக, ஆண்டுக்கு ஐம்பது பாடசாலை நாட்களுக்குச் சமமான காலத்தை அந்தப் பிள்ளை வானின் பின்னிருக்கையில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கியும் தூங்காமலும் கழிக்கிறது. பெரிய பாடசாலையின் தரம் சிறிய பாடசாலையின் தரத்திலும் ஐம்பது நாட்களால் உயர்ந்ததா? அப்படித்தான் என்று சொல்பவர், அதை ஆரம்பப் பிரிவு வகுப்பறைக்குள் எனக்குக் காட்டட்டும். அமைச்சரையும் பழைய மாணவர் சங்கத்தையும் வரவேற்கும் மண்டபத்தில் வேண்டாம். நாற்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பில், ஆசிரியையின் முகம் தன் பக்கம் திரும்ப மாதக்கணக்கிற் காத்திருக்கும் ஒரு பிள்ளை. பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், எழுத்துப் பிழைத்தால் அதே நிமிடத்திற் கையைப் பிடித்துத் திருத்தப்படும் இன்னொரு பிள்ளை. இரண்டில் எது தரம்?

மணித்தியாலக் கணக்கிற் சேராத ஒன்றும் உண்டு. நடந்து போகும் பிள்ளை ஊரை அறிகிறது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வேலியில் நாவற்பழம் விழும், மாரியில் எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பாடசாலைத் தோழன் மாலையில் விளையாட்டுத் தோழனாகவும் இருப்பான். வானிற் போகும் பிள்ளைக்குத் தோழர்கள் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது அந்நியன். பாடசாலையில் அது வான் பிள்ளை.

'பெரிய பாடசாலையில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள்' என்பது அடுத்த வாதம். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கல்வியின் பாதிச் சுமையைத் தாங்குவது பாடசாலையா, ரியூசன் கொட்டகையா என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். இரசாயனவியலுக்குப் பெயர்போன ஆசிரியர் நகரத்திலும் சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் வகுப்பு வைக்கிறார். நகரத்துப் பெரிய கல்லூரி மாணவனும் கிராமத்து மகா வித்தியாலய மாணவனும் ஒரே வாங்கில் இருந்து ஒரே கையேட்டைப் படிக்கிறார்கள். பெறுபேறு வரும்போது மாத்திரம் ஒருவனுடைய '3ஏ' பெரிய கல்லூரியின் பதாகையில் ஏறிச் சந்தியில் நிற்கிறது. அந்தப் பதாகையைப் பார்த்து அடுத்த வருடம் இன்னும் பத்துக் குடும்பங்கள் வீடு தேடி வருகின்றன. ஐந்தாந்தரத்திற் கூடிய புள்ளி எடுத்தவர்களை மட்டும் தெரிந்து எடுத்துக்கொண்ட பாடசாலை, எட்டாண்டுகளின் பின் அவர்கள் கூடிய புள்ளி எடுத்ததற்காகப் பாராட்டு விழாவும் நடத்துகிறது. கிராமத்துப் பாடசாலை, எழுதப் படிக்கத் திணறியவனைக் கையைப் பிடித்துச் சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தியடைய வைத்தால் அதற்குப் பதாகை கட்டுவார் இல்லை.

அண்மையிற் கனடாவிலிருந்து உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வலிகாமம் வடக்கிலுள்ள கிராமம் ஒன்றில் தங்கை குடும்பம் இருக்கிறது. நான்கு பரப்புக் காணி, நல்ல கிணறு, பின்வளவில் தோட்டம். கணவர் தோட்டம் செய்கிறார். பிள்ளைகள் இருவர்; பாடசாலை நடை தூரம். இந்த வீட்டை விற்று, குறைகிற பணத்தைத் தான் போட்டு, நல்லூர்ப் பக்கமாக ஒரு பரப்புக்குட் கட்டிய வீடொன்றை வாங்கப்போவதாகச் சொன்னார். "அண்ணை, காசு பிரச்சினை இல்லை. பிள்ளையள் நல்ல பள்ளிக்கூடத்திலை படிக்கவேணும்" என்றார். அவருடைய நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான்: "தோட்டத்தை எங்கே கொண்டு போவீர்கள்?"

வீட்டை மாற்றினாற் பயணம் ஒழிந்துவிடும் என்று நினைக்கிறோம். அது ஆள் மாறுகிறது, அவ்வளவுதான். பிள்ளையின் பயணம் தகப்பனுடைய தலையில் ஏறும். தகப்பன் விடிய நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போய், பயிருக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, வெயில் ஏறத் திரும்பவேண்டும். ஒரு வருடம் ஓடுவார். அடுத்த வருடம் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுப்பார். ஊரிலேயே இருக்க விரும்பும் தாய் தனித்துப் போவார். நகரத்து வீட்டில் தண்ணீர் காசுக்கு வரும். மரக்கறி காசுக்கு வரும். அதற்கெல்லாம் மாதந்தோறும் ரொறன்ரோவிலிருந்து பணம் வரவேண்டும். ஒரு விவசாயக் குடும்பத்தை, அதன் சொந்தக் காலிலிருந்து இறக்கி, அனுப்பும் பணத்தில் வாழும் குடும்பமாக மாற்றுவதற்கு 'நல்ல பள்ளிக்கூடம்' என்று பெயர்.

யாழ்ப்பாணத்தை நோக்கி வன்னியிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இதிலே மேலதிகமான ஒரு பொறி உண்டு. விஞ்ஞான, வணிகத் துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகியவை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. எந்த மாவட்டம் என்பதைத் தீர்மானிப்பது பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகள் படித்த பாடசாலை. கிளிநொச்சியிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளையைக் கூட்டிவந்து யாழ்ப்பாணத்தில் வாடகை அறையில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றார், தம் மாவட்டத்துக்குரிய ஆசனத்தை விட்டுவிட்டு, போட்டி மிகக் கடுமையான வரிசையின் கடைசியிற் போய் நிற்கிறார்கள். இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஊர்ப் பாடசாலை அதிபர். அவரைச் சொல்லவிடாமற் செய்வது எது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

நல்ல பாடசாலை என்றால் நகரத்துப் பாடசாலை என்ற எண்ணம் நமது மரபிலே வந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். குடாநாட்டின் கல்விப் புகழ் நகரத்தில் பிறக்கவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் செமினரியைத் தொடங்கியது வட்டுக்கோட்டையில். 1824 இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது உடுவிலில். வடமராட்சியின் ஹாட்லிக் கல்லூரி பருத்தித்துறைக் கடற்கரையில் எழுந்தது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் மகாஜனாவை ஆரம்பித்தது தெல்லிப்பழையில். கந்தரோடையின் ஸ்கந்தவரோதயக் கல்லூரியை ஒறேற்றர் சுப்பிரமணியம் பெயர்பெறச் செய்தார். கொக்குவில் இந்துவுக்கு ஹன்டி பேரின்பநாயகம் அதிபராக இருந்தார். 1923 இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்து போர்ட் இராசரத்தினத்தின் உழைப்பினால், பாடசாலை இல்லாத ஊர்களைத் தேடித் தேடி நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை அமைத்தது. பிள்ளை நடந்து போகும் தூரத்தில் ஒரு நல்ல பாடசாலை என்பது நமது முன்னோர் கனவாகக் கண்டு, பிடியரிசி சேர்த்தும் காணி தானம் கொடுத்தும் கட்டிமுடித்த காரியம். உலகின் பணக்கார நாடுகளிற் பல அதனைச் சட்டமாக்கப் படாதபாடு படுகின்றன. நம்மிடம் அது இருந்தது.

அதைக் குலைத்ததில் யுத்தத்தின் பங்கு பெரிது. 1990 இல் வலிகாமம் வடக்கு வெறுமையானது. மகாஜனா போன்ற கல்லூரிகள் தாய்மண்ணைவிட்டு ஓடி, கொட்டில்களிலும் இரவற் கட்டடங்களிலும் நடந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே ஒரே இரவிற் பெயர்ந்தது. 2000 இல் சாவகச்சேரி தரைமட்டமானது. திரும்பி வந்தவர்கள் பாதுகாப்பைத் தேடி நகரத்தைச் சுற்றி ஒதுங்கினார்கள். பாடசாலைகளும் அங்கேயே நிரம்பின. அப்போது அது உயிர்ப் பிரச்சினை. யாரும் குறை சொல்ல முடியாது. 2009 இன் பின்னர், காணிகள் ஒவ்வொன்றாக விடுவிக்கப்பட்ட பின்னர், ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றது தெரிவு. காணியை விடு என்று படைமுகாம் வாசலில் நின்று போராடிப் பெற்ற ஊரில், பாடசாலை மணி அடிக்கும்போது வரிசையில் நிற்கப் பிள்ளைகள் இல்லை. இலங்கையில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஐம்பது மாணவர்கள்கூட இல்லை. வடக்கில் இப்படி ஒடுங்கிப்போன பாடசாலைகளை மூடுவதா, இணைப்பதா என்ற பேச்சு அடிக்கடி எழும். மூடுவது அமைச்சு என்று நாம் கோபிப்போம். வான்காரனுக்கு மாதக் கட்டணம் கட்டிய நாளிலேயே நாம் அதை மூடிவிட்டோம்.

இப்போது ஆசிரியர்களுக்கு வருகிறேன். என் நண்பர்கள் பலர் ஆசிரியர்கள். அவர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை. விடியற்காலையில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போகும் பஸ்களில், அழகாக மடித்துக் கட்டிய சேலையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக இருப்பவர்கள் வன்னிப் பாடசாலைகளின் ஆசிரியைகள். கிளிநொச்சி அறுபது கிலோமீற்றருக்கு அப்பால். உள்ளூர்ப் பாடசாலை என்றால் அங்கிருந்து இன்னும் ஒரு பயணம். வகுப்புக்கு வந்து சேரும்போது ஆசிரியர் களைத்துவிட்டார். பிற்பகலில் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற கவலை பதினொரு மணிக்கே தொடங்கிவிடும். மாலை வகுப்பு இல்லை, விளையாட்டுப் பயிற்சி இல்லை, பெற்றாரைச் சந்திக்க நேரம் இல்லை. ஏன் அங்கே குடியிருக்கவில்லை என்று கேட்டால் ஒரே மறுமொழி: பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள்.

வன்னிப் பாடசாலையின் தரம் குறைவு என்பதால் ஆசிரியர் தம் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் சேர்க்கிறார். ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் இருப்பதால் வன்னிப் பாடசாலையின் தரம் குறைகிறது. தான் படிப்பிக்கும் பாடசாலையில் தன் பிள்ளையைச் சேர்க்கத் துணியாத ஆசிரியரைப் பார்த்து ஊர்ப் பெற்றாரும் பாடம் படித்துக்கொள்கிறார்கள். அந்த ஊர் அதிபர், 'உங்கள் பிள்ளையை இங்கேயே விடுங்கள், மாவட்ட அடிப்படையில் அவனுக்கு இடம் கிடைக்கும்' என்று எப்படி வாய்திறந்து சொல்வார்? அவருடைய பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் அல்லவா! தனி மனிதராக எந்த ஆசிரியையையும் நான் குற்றம் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் அந்தத் தாயின் பாடு எனக்குத் தெரியும். கஷ்டப் பிரதேசத்தில் தங்கிப் படிப்பிப்பவருக்குக் கௌரவமான ஆசிரியர் விடுதி கட்டிக் கொடுக்காத மாகாண நிர்வாகத்தைக் குற்றம் சொல்கிறேன். இடமாற்றச் சபைகளில் நீதி கேட்கும் தொழிற்சங்கங்கள், பாடசாலையோடு சேர்ந்த குடியிருப்பை ஏன் அதே குரலிற் கேட்பதில்லை?

என் கட்சிக்கு எல்லை உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாக் கிராமங்களிலும் இருக்க முடியாது. ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் மரத்திற் காய்ப்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை சைக்கிளிலோ 750 ஆம் இலக்க பஸ்ஸிலோ போய்ப் படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். அந்த வயதில் விடுதியில் நிற்பதும் ஒரு படிப்புத்தான். மலையகத்துத் தோட்டப் பாடசாலையின் கதையோ முற்றிலும் வேறு. அங்கே கிட்டிய பாடசாலையில் மேல் வகுப்பே இல்லாததால் பிள்ளை மலையேறி இறங்குகிறது. வீட்டைத் தெரிவு செய்யும் உரிமையே இல்லாத லயன் குடும்பத்துக்கு, அண்மையா தரமா என்று யோசிக்கச் சொல்வது கேலியாகிவிடும். நான் பேசுவது தெரிவு உள்ளவர்களைப் பற்றி; குறிப்பாக, ஐந்து வயதிலேயே அந்தத் தெரிவைச் செய்ய அவசரப்படுபவர்களைப் பற்றி.

தூரத்தின் விலை என்ன என்பதை 2022 நமக்கு ஒருமுறை காட்டியது. எரிபொருள் இல்லாமற்போன அந்த ஆனி, ஆடி மாதங்களில் வான்கள் படலைக்கு வரவில்லை. நகரத்துப் பெரிய பாடசாலைகள் மூடப்பட்டன. போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமப் பாடசாலைகள் நடத்தப்படலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற அந்த வாரங்களில், நடந்து போகும் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடந்தது. எரிபொருள் திரும்பி வந்தபோது வான் கட்டணம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நாமோ எல்லாவற்றையும் மறந்து மீண்டும் வான் பிடித்தோம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். அப்படியல்ல. லண்டனில் கிங்ஸ்ரன், சட்டன் பகுதிகளின் கிரமர் பாடசாலைகளை நோக்கித் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறுவது நீங்கள் அறியாததா? யாழ்ப்பாணத்து வியாதி விமானம் ஏறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் கையில் இங்குள்ளவர்களிடம் இல்லாத ஒன்று உண்டு: பணம். அந்தப் பணம் எங்கே போகிறது? ஏற்கெனவே மண்டபமும் மைதானமும் உள்ள கல்லூரிக்கு, பழைய மாணவர் சங்கத்தின் ஊடாக, இன்னொரு மண்டபமாகவும் பார்வையாளர் அரங்காகவும் போகிறது. திறப்பு விழாப் படத்தைப் பார்த்த ஊர்ப் பெற்றார் அடுத்த தையிலேயே வான் பிடிக்கிறார்கள். நீங்கள் முதன்முதலில் 'அ' எழுதிய ஆரம்பப் பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் இல்லை. அதன் கூரையில் இன்னமும் யுத்தகாலத்துத் தகரம் இருக்கலாம்.

ஒரு வீட்டுக்கு அனுப்ப நினைக்கும் பணத்தின் ஒரு பங்கில், ஒரு கிராமத்து ஆரம்பப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியை ஒருவரைச் சில வருடங்களுக்குத் தொண்டர் கொடுப்பனவில் வைத்திருக்க முடியும். தூர ஊரிலிருந்து வரும் ஆசிரியர் தங்குவதற்கு இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்ட முடியும். கனடாக்காரரிடம் இதைத்தான் சொன்னேன். தங்கையின் காணியை விற்பதற்கு முன்னர், ஊர்ப் பாடசாலை அதிபருடன் ஒருமுறை நேரடியாகப் பேசி, அங்கே இல்லாதது என்ன என்று கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். அதிபர் கேட்டது மூன்று: ஒரு நிழற்பிரதி இயந்திரம், சிறுவர் கழிப்பறைக்குக் கதவு, வாரத்தில் மூன்று நாள் ஒரு ஆங்கில ரீச்சர். மொத்தச் செலவைக் கணக்குப் பார்த்தால், நல்லூர் வீட்டுக்குத் தரகர் கேட்ட கூலி அளவுகூட வரவில்லை.